சும்மா இருக்கும் கணிப்பொறிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?
(நந்திதுர்க்கில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளும் சிலம்பும் கேட்டுப் பழகிய உங்கள் செவிகளுக்கு இன்று கணிப்பொறி பற்றிய பேச்சு சற்றுக் கசக்கலாம். ஆயினும், நம் வாசகசாலைக் கணிப்பொறியின் பொருட்டுச் சங்கத்துக்குள் எழுந்த மனத்தாங்கலை உங்களில் அறியாதார் இலர். அதன் உண்மையை அவையறியச் சொல்லிவிடுவது எங்கள் கடமை. சொல்லும்போதே, அத்தகைய நோய் உங்கள் இல்லத்துக் கணிப்பொறியைப் பற்றினால் அதனை எவ்வாறு கண்டறிவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடக் கருதுகின்றோம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, சங்கொலி கேட்டு எழுந்த நம் வீடுகள் ரயிலின் நேரம் பார்த்து எழுகின்றன. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்பும் பிள்ளைகளில் கணிப்பொறியின் முன் அமர்ந்து பிழைப்போரும் உண்டு. அவர்களுக்குப் பின்னே வளரும் மாணாக்கர் தேர்வு விண்ணப்பம் எழுதவும், உதவித்தொகைக்குப் பதிவு செய்யவும் பயன்படட்டும் என்றே வாசகசாலையில் ஒரு கணிப்பொறியை வைத்தோம்.

அது சில திங்கள் நன்றாகவே இருந்தது. பின்னர் ஒருவரும் தொடாமல் இருக்கும்போதும் அதன் மின்விசிறி ஆலைபோல் இரையத் தொடங்கிற்று. பெட்டியின் மேல் கை வைத்தால் சுட்டது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற நெடுநேரம் ஆயிற்று. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஒரு மாணவி இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்து, அனுப்ப இயலாமல் கண்ணீரோடு திரும்பினாள். அப்பொழுதுதான் எங்களுக்குக் கோபம் மூண்டது. மாலைதோறும் வந்து விளையாட்டுகளைப் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்த ஓர் இளைஞன்மேல் அக்கோபம் பாய்ந்தது. “நீதான் எதையோ ஏற்றிக் கெடுத்தாய்” என்று நாலு பேர் முன்னிலையில் சொன்னோம். அவன் மறுத்தான், நாங்கள் செவிசாய்க்கவில்லை. அறைக்குப் பூட்டுப் போட்டோம். அவனும் சங்கத்து வாயிலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டான்.

நிற்க. கணிப்பொறியின் உள்ளிருந்து கணக்குப் போடும் சில்லுக்குப் பிராசசர் என்று பெயர். அதற்கு வேலை இல்லாதபோது அது ஓய்வு கொள்ளும்; ஓய்வில் அதன் மின்செலவும் வெப்பமும் குறையும். ஆனால் ஓய்வு என்பது முழு உறக்கமன்று. நம் ஊரார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே மின்சாரம் வந்திறங்கிய ஊர் இது. சுரங்கத்தில் கல்லுடைப்போர் ஓய்ந்த நாளிலும் நீரிறைக்கும் பம்புகள் ஓய்ந்ததில்லை. ஓய்ந்தால் என்னவாகும் என்பதை 2001-க்குப் பின் நீர் நிரம்பிய சுரங்கங்களே சொல்லும். கணிப்பொறிக்கும் அத்தகைய காவல் வேலைகள் உள. ஆதலால் சும்மா இருக்கும் பொறி சற்று இரைந்தவுடன் நோய் என்று அலறுதல் கூடாது.

விண்டோஸ் கணிப்பொறி, உரிமையாளர் எழுந்து போனதை உணர்ந்து, அந்த ஓய்வு நேரத்திலேயே தன் வீட்டு வேலைகளைப் பார்க்கும் இயல்புடையது. வைரஸ் தேடும் டிஃபெண்டர் வட்டு முழுவதையும் துழாவும். கோப்புகளுக்கு அகராதி வரிசையில் குறிப்பெழுதும் பணியாள் ஒருவன் உண்டு. புதுப்பித்தலை இறக்கிப் பொருத்தும் பணியாளும் உண்டு. பெரிய புதுப்பித்தல் வந்த நாளில் இவன் ஒரு மணி நேரம் பாடுபடுவதும் இயற்கையே. ஆகவே முதல் மருத்துவம் பொறுமை. பொறியை ஏற்றிவிட்டு அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். பெரிய புதுப்பித்தலானால் ஓரிரவு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தானே அடங்கும். அடங்காவிடில் மேலே செல்ல வேண்டும்.

சுரங்கத்தில் எவர் இறங்கினார், எவர் ஏறினார் என்று கணக்கு வைத்த டைம் ஆபீஸை மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். கணிப்பொறிக்கும் அவ்வாறு ஓர் ஆபீஸ் உண்டு. டாஸ்க் மேனேஜர் என்பர். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அது திறக்கும். அதில் சிபியு என்னும் தலைப்பைச் சொடுக்கினால் மிகுதியாக உழைப்பவன் பெயர் மேலே வந்து நிற்கும். இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. விவரப் பட்டியலில் ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ என்பதன் எதிரே 95 என்று கண்டு நடுங்குவோரைக் கண்டிருக்கிறோம். அஃது உழைப்பின் அளவன்று. பிராசசரின் ஓய்வின் அளவு. அந்த எண் பெரிதாக இருந்தால் மகிழ வேண்டும்!

‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ என்னும் வரி நெடுநேரம் உயர்ந்து நின்றால் குற்றம் பெரும்பாலும் வன்பொருளிலோ அதன் டிரைவரிலோ இருக்கும். வெளியே செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிரௌசர் மேலே நின்றால், திறந்து வைத்த பக்கங்களில் ஒன்றோ, அதனோடு சேர்த்துக்கொண்ட துணை நிரல் ஒன்றோ காரணமாகலாம். குரோமுக்குள்ளேயே ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்தப் பக்கம் என்பது தெரியும். ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்னும் பெயர் பலமுறை காணப்படும். பல சேவைகள் குடியிருக்கும் லைன் வீடு அது. அதனைக் கண்டதும் பழி சொல்லாமல், அதன்மேல் வலச்சொடுக்குச் செய்து உள்ளே குடியிருப்பது எந்தச் சேவை என்று கேட்க வேண்டும். அன்றியும், கோப்பு எங்கே இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம் 32 என்னும் இடத்தில் இருப்பது மெய்யானவன். அதே பெயரோடு வேறெங்கோ ஒளிந்திருப்பவன் பெரும்பாலும் வேடதாரி.

இத்தனையும் எங்களுக்கு அன்று தெரியாது. நாங்கள் செய்ததெல்லாம் பெட்டியைத் திறந்து தூசு தட்டியதுதான். நம் சயனைடு மேட்டுத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஒரு பிடி வந்தது. தூசு அடைத்தால் வெப்பம் ஏறும், பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆயினும் இரண்டே நாளில் இரைச்சல் திரும்பிற்று.

பெங்களூரில் பணிபுரியும் நம் காலனிப் பெண்மகள் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியே விசிறி அடங்கிற்று. உழைப்பு 3 சதவிகிதம் என்று காட்டிற்று. “ஒன்றுமில்லை, வீணாக உன்னை அழைத்துவிட்டோம் அம்மா” என்றோம். அவள் விடை சொல்லவில்லை. மேனேஜரை மூடிவிட்டுப் பெட்டியின் ஓரத்தில் கை வைத்தபடி அமர்ந்திருந்தாள். பாறை உறுமுவதைக் காதால் அளந்த நம் தந்தையரின் நினைவு வந்தது. இரண்டு நிமிடத்தில் விசிறி மீண்டும் இரைந்தது. மறுபடி திறந்தாள்; அடங்கிற்று. மூன்று முறை அவ்வாறே. “ஐயா, காவலர் வந்தால் ஓடி ஒளிகிறான். நல்லவனுக்கு ஒளிய வேண்டிய தேவை இல்லை” என்றாள்.

பின்னர் அவள் செய்த சோதனைகள் எளியவை, நீங்களும் செய்யலாம். விண்டோஸிலேயே உள்ள பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைக் கொண்டு, எவரும் பார்க்காத வேளையிலும் உழைப்பின் அளவைக் கோப்பில் பதிந்துகொண்டே இருக்கச் செய்தாள். ஒரு மணி கழித்துப் பார்த்தால் 80-ஐ ஒட்டியே கோடு ஓடியிருந்தது. இணையக் கம்பியைப் பிடுங்கினாள். சற்று நேரத்தில் விசிறி தானே அடங்கிற்று. செருகினாள், இரைந்தது. ஆக, உள்ளிருப்பவனுக்கு வெளியிலிருந்து வேலை வருகிறது. அதன்பின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விலையின்றி அளிக்கும் ஆட்டோரன்ஸ் என்னும் கருவியால், பொறி ஏறும்போது தானே எழுபவை அனைத்தையும் பட்டியலிட்டாள். ஒலி டிரைவர் என்று பெயர் சூட்டிக்கொண்டு, ஒலி டிரைவருக்கு உரிமையில்லாத அடைவிலே ஒருவன் இருந்தான். அவன் திருட்டுத்தனமாக நாணயம் தோண்டுபவன்.

நாணயம் தோண்டுதல் என்ற சொல் இம்மண்ணில் எவ்வளவு விந்தையாக ஒலிக்கிறது! மின்னணு நாணயங்களின் கணக்கேட்டைச் சரிபார்க்க ஓயாது கணக்குப் போடுவோர்க்குப் புதிய நாணயம் கூலியாகக் கிடைக்கும். அதற்கு அவர்கள் சூட்டிய பெயரும் சுரங்கத் தொழில் என்பதே. பிட்காயினுக்கு இன்று தனிப் பொறிகள் வேண்டும். ஆனால் மொனேரோ என்னும் நாணயம், சாதாரணப் பிராசசரே தோண்டத்தக்க முறையை 2019 நவம்பரில் மேற்கொண்டது. ஆகவே பிறர் கணிப்பொறிகளுக்குள் ஆளனுப்பித் தோண்டச் செய்வோர்க்கு அது வாய்ப்பாயிற்று. மின்சாரம் நம்முடையது, பொறியின் தேய்மானம் நம்முடையது, நாணயம் அவனுடையது. கூடுதலாக 50 வாட் என்றே கொள்ளுங்கள். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட், திங்களுக்கு 36 யூனிட்.

இவ்வாறு ஏமாந்தவர் நாம் மட்டும் அல்லர். 2017-இல் காயின்ஹைவ் என்னும் சேவை, இணையப் பக்கத்தைத் திறந்தவர் பொறியிலேயே தோண்டும் வழியைப் பரப்பிற்று. 2018 பிப்ரவரியில் ஒரே நாளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது நுழைக்கப்பட்டது. பிரிட்டனின் அரசுத் தளங்களும் அவற்றுள் அடங்கும். அதே ஆண்டில் நம் அண்டையில், ஆந்திர அரசின் நகராட்சித் தளங்களில், திருப்பதி நகராட்சியின் தளம் உட்பட, இத்தகைய நிரல் இருந்ததை ஆய்வாளர் கண்டு சொன்னார்கள். திருமலைக்கு நேர்ந்துகொண்டு போவோர் நம்மில் எத்தனை பேர்! காயின்ஹைவ் 2019 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனால் திருடிய மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் வகை ஒழியவில்லை.

அந்த ஒட்டுண்ணி எப்படி வந்தது என்று அவள் கோப்பின் தேதியைப் பார்த்தாள். அந்தத் தேதியை எங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் தேடினோம். சென்ற ஆண்டு மலரின் பக்கங்களை அழகுறக் கோக்கவேண்டி, விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ இலவசமாக இறக்கி, ‘தடை சொல்கிறதே’ என்று வைரஸ் காவலையும் அணைத்துவிட்டு ஏற்றிய நாள் அது. ஏற்றியது நிர்வாகக் குழு. அன்று அந்த இளைஞன் ஊரிலேயே இல்லை.

மருத்துவத்தைச் சொல்லிவிடுகிறோம். முதலில் இணையத்தைத் துண்டித்தோம். எழுத்து, படம் ஆகிய ஆவணங்களை மட்டும் வேறொரு வட்டில் படியெடுத்தோம், நிரல்களைப் படியெடுக்கவில்லை. டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனை இருவரைப் பிடித்தது. பிடிபடாதவன் ஒருவன் இருப்பானோ என்னும் ஐயத்தால் வட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகவே நிறுவினோம். வேறொரு பொறியிலிருந்து கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினோம். பக்கம் கோக்க இப்பொழுது ஸ்கிரைபஸ் என்னும் கட்டணமற்ற, நேர்வழியான மென்பொருள் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள இம்மலர் அதில் கோத்ததே. ஓரிரு பக்கங்களில் வரி கோணியிருந்தால் பொறுத்தருள்க.

பலர் முன்னிலையில் பழி சொன்னோம். ஆகையால் பலர் முன்னிலையிலேயே சொல்கின்றோம். தம்பி, குற்றம் எங்களுடையது. உன்னை வருந்தச் செய்தமைக்கு நிர்வாகக் குழு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது. விண்ணப்பம் அனுப்ப இயலாமற்போன மாணவியிடமும் அவள் பெற்றோரிடமும் அவ்வாறே கேட்டுக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அவளது விண்ணப்பக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கும்.

வாசகசாலைப் பூட்டின் சாவி சென்ற திங்கள் முதல் அத்தம்பியிடமே இருக்கிறது. மாலை 5 முதல் 8 வரை அறை திறந்திருக்கும். விளையாட்டும் உண்டு, ஆனால் விண்ணப்பத்தோடு எவரேனும் வந்தால் இடம் விட வேண்டும் என்பது அவனே எழுதி ஒட்டியுள்ள விதி.