முதலில் எல்லைக்கல், அப்புறம் சைக்கிள் பாதை

(நமது கட்சியின் சுற்றுச்சூழல் அணி சார்பில் வேளச்சேரியில் நடைபெற்ற கூட்டத்தில், அணியின் மாவட்டப் பொறுப்பாளர் ஆற்றிய உரை. நேரலையைத் தவறவிட்ட தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் பதிவிடுகிறோம். முழுவதும் படித்துவிட்டுப் பகிருங்கள்.)



கூட்டத்தோட தலைப்பைப் பார்த்துட்டு ரெண்டு மூணு பேர் போன்ல கேட்டாங்க. "ஏண்ணே, ஊர்ல ஆயிரம் பிரச்சனை கிடக்கு. சதுப்பு நிலத்துல சைக்கிள் ஓட்டுறதுக்குப் போய் ஒரு கூட்டமா?" நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்றதுக்குத்தான் இந்த மைக்கைப் பிடிச்சிருக்கேன்.

நம்ம பகுதியில சைக்கிள் ஓட்டுறது யாரு? ஞாயித்துக்கிழமை விடியக்காலையில ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஈசிஆர்ல கூட்டமாப் போற தம்பிங்களைத்தான் எல்லாருக்கும் தெரியும். அவங்களும் நம்ம ஆட்கள்தான், அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா ஓஎம்ஆர் கம்பெனி வாசல்ல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வர்ற செக்யூரிட்டி அண்ணன் சைக்கிள்லதான் வர்றாரு. கட்டட வேலைக்குப் போறவர் சைக்கிள்லதான் போறாரு. அரசுப் பள்ளியில பதினொண்ணாம் வகுப்பு சேர்ந்தா நம்ம பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறாங்க. ரொம்ப நல்ல திட்டம், யார் ஆட்சியில இருந்தாலும் தொடர வேண்டிய திட்டம். ஆனா அந்த சைக்கிளை வாங்குன பிள்ளை பல்லாவரம் துரைப்பாக்கம் 200 அடி சாலையில எந்த ஓரத்துல ஓட்டும்? தண்ணி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுலயா? சைக்கிளைக் கையில கொடுத்துட்டு ரோட்டைக் கொடுக்காம விட்டுட்டோம்.

2014லயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கையை நிறைவேத்துச்சு. நடக்கிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் முதலிடம்னு அதுல எழுதியிருக்கு. படிச்சா கண்ணு கலங்கும், அவ்வளவு அழகா எழுதியிருக்காங்க. பள்ளிக்கரணைப் பக்கம் அந்தக் காகிதம் இன்னும் வந்து சேரலை.

சரி, சதுப்பு நிலத்துக்கு வருவோம்.

அந்த 200 அடி சாலை சதுப்பு நிலத்தை நடுவுல வெட்டிக்கிட்டுப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். சீசன்ல பூநாரை வந்து நிக்கும். கூழைக்கடா, சங்குவளை நாரை, நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, நாமக்கோழி எல்லாம் இருக்கும். குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு வர்ற குடும்பம் பைக்கை ரோட்டோரமா நிறுத்திட்டு, முதுகுக்குப் பின்னால கண்டெய்னர் லாரி போக, பயந்து பயந்து பார்த்துட்டுப் போகுது. 2021ல சூழலியல் பூங்கா திறந்தாங்க. நடக்கிறதுக்கு நல்ல இடம். ஆனா அது சதுப்பு நிலத்தோட ஒரு மூலை மட்டும்தான்.

ஒரு காலத்துல இது ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்த நிலம்னு சொல்றாங்க. குப்பைக் கிடங்கு வந்துச்சு, சாலை வந்துச்சு, ரயில் வந்துச்சு, அரசு அலுவலகமே வந்துச்சு, அப்புறம் அடுக்குமாடி வந்துச்சு. 2007ல ஒரு பகுதியைக் காப்புக்காடுன்னு அறிவிச்சாங்க. 2022ல ராம்சர் தளமா 1,247.54 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. நம்ம கணக்குல ஏறக்குறைய 3,080 ஏக்கர். இந்த எண்ணை மனசுல வச்சுக்கங்க தோழர்களே, திரும்ப வருவேன்.

இந்த நிலம் என்ன வேலை செய்யுதுன்னு 2015லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்லயும் நமக்குப் புரிஞ்சது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம்னு மேல இருக்கிற ஏரிகளோட உபரித் தண்ணி எல்லாம் இங்கதான் வந்து தங்கணும். தங்கிட்டு, ஒக்கியம் மடு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்க ஓடி கோவளம் முகத்துவாரத்துல கடல்ல சேரணும். தண்ணி தங்க வேண்டிய இடத்துல நாம வீடு கட்டுனோம். அதனால தண்ணி நம்ம வீட்டுல வந்து தங்குச்சு. வேளச்சேரியில படகு விட்டதை டிவியில பார்த்தவங்க இந்தக் கூட்டத்துல குறைவு. அந்தப் படகுல ஏறுனவங்கதான் இங்க அதிகம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தச் சதுப்பு நிலத்தோட ஓரமா, மோட்டார் வண்டி எதுவும் நுழையாத ஒரு சைக்கிள் பாதை வேணும்னு நம்ம அணி கேட்குது. உள்ள கேட்கலை, ஓரத்துல கேட்குறோம்.

உலகத்துல இல்லாததையா கேட்கிறோம்? ராஜஸ்தான்ல பரத்பூர்னு ஒரு ஊர். அங்க கேவலாதேவ் பறவைகள் சரணாலயம். மகாராஜாவும் வெள்ளைக்கார துரைமாரும் வாத்து சுட்ட இடம் அது. 1938ல வைஸ்ராய் லின்லித்கோ வந்தப்ப ஒரே நாள்ல 4,273 பறவைகளைச் சுட்டாங்க, அதைப் பெருமையா கல்வெட்டுலயும் பொறிச்சு வச்சிருக்காங்க. இன்னைக்கு அதே இடம் உலகப் பாரம்பரியச் சின்னம். சொந்தக் காரை வாசல் பக்கம் நிறுத்திட்டு, வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டு உள்ள போறாங்க. இல்லைன்னா ரிக்சா. அந்த ரிக்சா ஓட்டுறவர் வெறும் ஓட்டுநர் இல்லீங்க, வனத்துறையில பயிற்சி எடுத்தவர். எந்த மரத்துல எந்த ஆந்தை உட்கார்ந்திருக்குன்னு பெரிய பெரிய ஆராய்ச்சியாளருக்கே கை நீட்டிக் காட்டுவாரு. கிட்டத்தட்ட 29 சதுர கிலோமீட்டர் சரணாலயத்தை மிதிவண்டி வேகத்துல பார்த்துட்டு வரலாம்.

அது நன்னீர் நிலம், கடற்கரை கிடையாதேன்னு கேட்பீங்க. அப்ப சிங்கப்பூருக்குப் போங்க. அங்க இருக்கிற நம்ம சொந்தக்காரங்களைக் கேட்டாலே சொல்வாங்க. சாங்கி முனையில படகு ஏறினா கொஞ்ச நேரத்துல உபின் தீவு. அங்கே கார் நெரிசல் கிடையாது, ஏதோ சில வேன்கள் ஓடும், மத்தபடி எல்லாம் வாடகை சைக்கிள்தான். தீவோட கிழக்கு முனையில செக் ஜாவான்னு ஒரு கடலோர ஈரநிலம். சதுப்பு மரம், கடற்புல், சேறு, நண்டு எல்லாம் ஒரே இடத்துல. அதையும் மண் கொட்டி மேடாக்கத் திட்டம் போட்டிருந்தாங்க. மக்கள் போய்ப் பார்த்தாங்க, படம் எடுத்தாங்க, ஆய்வாளர்கள் கணக்கெடுத்தாங்க, அரசுக்கு எழுதுனாங்க. 2001 டிசம்பர்ல அந்த அரசு திட்டத்தை நிறுத்தி வச்சது. நிலத்துக்கு அவ்வளவு பஞ்சம் இருக்கிற நாடு அது!

செக் ஜாவாவுல இன்னொண்ணு கவனிக்கணும். சைக்கிள் அங்கயும் உள்ள போகாது. வாசல்லயே ஸ்டாண்ட் போட்டுட்டு, மரப்பாதையில நடந்துதான் போகணும். எங்க வரைக்கும் சக்கரம், எங்கேயிருந்து காலடின்னு அவங்க முடிவு பண்ணியிருக்காங்க. நமக்கும் அந்த முடிவு வேணும்.

ஏன்னா பறவைகளைப் பத்தி ஒரு உண்மையைச் சொல்லியாகணும், நம்ம ஆட்களுக்குப் பிடிக்காட்டியும். சைக்கிள்ல புகை இல்லை, சத்தம் இல்லை, அதனால பறவைக்குத் தொல்லையே இல்லைன்னு நினைச்சுக்கிறோம். பல பறவைங்க காருக்குள்ள உட்கார்ந்திருக்கிற மனுசனைக் கண்டுக்காது. இறங்கி நிக்கிற மனுசனைக் கண்டா எழும்பிப் பறந்துடும். சைக்கிள்ல போய், திடீர்னு நிறுத்தி, செல்ஃபிக்குக் கையை நீட்டுற மனுசனைக் கண்டா கேட்கவே வேணாம். சைபீரியாப் பக்கமிருந்து பறந்து வந்து இரை தேடுற பறவையை ஒரு நாளைக்கு இருபது தடவை எழுப்பி விட்டா அது எப்ப சாப்பிடும்? அதனால பாதைக்கும் தண்ணிக்கும் நடுவுல கோரையும் புதரும் உயரமா இருக்கணும். பார்க்கிறதுக்குன்னு அங்கங்க மறைப்பு வச்ச இடம் இருக்கணும், அங்க மட்டும்தான் நிக்கணும். ராத்திரி விளக்கு கூடாது. கூடு கட்டுற மாசத்துல, கூடு இருக்கிற பக்கத்தை மூடிடணும். ஒலிபெருக்கி, தீனிக்கடை, செயற்கை நீரூற்று, "ஐ லவ்" பலகை, இதெல்லாம் பாதைக்குப் பக்கத்துலயே வரக்கூடாது.

இதுவரைக்கும் கைதட்டுனீங்க. இனி சொல்றதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

ஏரியை அழகுபடுத்துறோம்னு சொல்லி இந்த நகரத்தைச் சுத்தி என்ன நடக்குது? கரையை உயர்த்துவாங்க, உள்பக்கமா பத்தடி தள்ளி நடைபாதை போடுவாங்க, பேவர் பிளாக் பதிப்பாங்க, வேலி அடிப்பாங்க. திறப்பு விழா முடிஞ்சு பார்த்தா, வேலிக்கு உள்ள இருக்கிறது மட்டும்தான் ஏரி. வெளியில விழுந்த நிலம் யாருடையது? முதல்ல யாருடையதும் இல்லைம்பாங்க, அப்புறம் ஒருத்தரோடதா ஆயிடும். நடைபாதை போட்ட கையோட ஏரி சுருங்கிடும், நாமளும் அதுல வாக்கிங் போய்க்கிட்டு நல்லா இருக்கேன்னு சொல்லுவோம்.

பள்ளிக்கரணையில சைக்கிள் பாதையும் அப்படி ஆகக்கூடாது. அதனாலதான் நம்ம கோரிக்கையில முதல் வரி சைக்கிளைப் பத்தியே இல்லை. 1,247.54 ஹெக்டேருக்கும் சர்வே எண் வாரியா எல்லை அளந்து, கல் நட்டு, வரைபடத்தை வார்டு அலுவலகச் சுவத்துல தமிழ்ல ஒட்டணும். அந்தக் கல்லை ஒட்டி, எல்லையோட வெளி ஓரத்துல பாதை வரணும். செம்மண் பாதை போதும், மழைத்தண்ணி கீழ இறங்கணும். தண்ணி போற வழியில ஒரு கூடை மண்ணுகூடக் கொட்டக் கூடாது. ஏற்கனவே கெட்டுப்போன இடம் இருக்கு, பெருங்குடிக் குப்பைமேட்டை அகழ்ந்து மீட்கிற நிலம் இருக்கு. பாதைக்குன்னு தேவைப்பட்டா அதோட ஓரத்தை எடுங்க. மீட்ட நிலத்துல மிச்சத்தைச் சதுப்பு நிலத்துக்கே திருப்பிக் கொடுங்க.

அப்படி வந்தா அந்தப் பாதைதான் வேலி. இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டட இடிபாட்டை லாரியில கொண்டுவந்து ஓரத்துல தட்டிட்டுப் போறான். யார் பார்க்கிறது? காலையில அஞ்சு மணிக்கு ஷிப்ட் முடிச்சு அந்தச் செக்யூரிட்டி அண்ணன் அந்த வழியா சைக்கிள்ல வந்தா அவர் பார்ப்பாரு. ஆறு மணிக்கு ஹெல்மெட் தம்பிங்க பார்ப்பாங்க, போன்ல படம் எடுப்பாங்க. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை பார்க்கும். நேத்து இல்லாத மண்மேடு இன்னைக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்க தினமும் நூறு கண்ணு இருக்கும். வனக்காவலர் எத்தனை பேரைப் போட்டாலும் இந்த வேலையை அவங்களால மட்டும் செய்ய முடியாது.

வாடகை சைக்கிளை எந்தப் பெரிய கம்பெனிக்கும் குத்தகைக்கு விடாம, உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுக்கணும். பரத்பூர் ரிக்சாக்காரருக்குக் கொடுத்த மாதிரி நம்ம பகுதிப் பசங்களுக்கு வனத்துறை பயிற்சி கொடுக்கட்டும். விலையில்லா மிதிவண்டியில வர்ற மாணவர்கிட்ட எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. இதெல்லாம் மனுவுல விவரமா இருக்கு, இங்க நீட்டலை.

ஒரு அண்ணன் கேட்டாரு, "இது நடக்குமா?"ன்னு. எல்லை அளக்கிறது ஈரநிலப் பாதுகாப்பு விதிகளின்படி அரசு செய்ய வேண்டிய வேலை, அந்த விதிகள் 2017லயே வந்துடுச்சு. நாம சலுகை கேட்கலை, செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்றோம்.

மனு ரெண்டு படி வாசல் மேசையில இருக்கு. ஒண்ணு வனத்துறைக்கு, ஒண்ணு மாநகராட்சிக்கு. படிச்சுப் பார்த்துட்டு ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க, வார்டு எண்ணைத் தெளிவா எழுதுங்க. வீட்டுக்குப் பக்கத்துல புதுசா மண் கொட்டுன இடம் தெரிஞ்சவங்க, இடத்தையும் தேதியையும் பச்சை நோட்டுல எழுதி வச்சுட்டுப் போங்க, பேர் எழுத வேண்டியதில்லை. பின்வரிசையில ரெண்டு பேர் ரொம்ப நேரமா கை தூக்கிக்கிட்டிருக்காங்க. அந்த அம்மாகிட்ட முதல்ல மைக்கைக் கொடுங்கப்பா.

#பள்ளிக்கரணை #முதலில்எல்லைக்கல் #சைக்கிள்பாதை