மனநோயும் நோய்தான்

(கொட்டாஞ்சேனையில் நடந்த அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் வந்திருக்கிறீர்கள். தோட்டத்திலிருந்து அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் இருக்கிறீர்கள். இன்று சம்பளம் பற்றிப் பேசவில்லை. சம்பளத்துக்கு உழைக்கிறவரின் மனதைப் பற்றிப் பேசுகிறோம்.

'அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்பது லயத்திலும் கடையிலும் சாதாரணமாகக் காதில் விழும் கேலி. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் நோயை மறைக்கிறார்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. முதலாளி அதைச் சோம்பல் என்கிறார். ஊரில் பேய் பிடித்தது என்கிறார்கள். வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று வீட்டார் வாயை மூடுகிறார்கள். நோய் முற்றுகிறது.

இந்த நாட்டின் மனநோய்ச் சட்டம் 1873 இல், நம் முன்னோர் கோப்பித் தோட்டத்தில் உழைத்த காலத்தில் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் 1998 இல் நீக்கப்பட்டது. அங்கொடை ஆஸ்பத்திரி 2008 இல் தேசிய மனநல நிறுவகமானது. சட்டம் மாறியது, பெயர்ப்பலகை மாறியது. நம் பேச்சு மட்டும் ஏன் மாறக்கூடாது?

பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் வெட்கப்படாமல் கிளினிக் போகிறோம். இதற்கும் அப்படியே போகவேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், நுவரெலியா, பதுளை அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் மனநல சிகிச்சை இலவசம். கிளினிக் போகிற எல்லோரையும் வாட்டில் வைப்பதில்லை. பெரும்பாலானோர் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்புகிறார்கள். மனச்சோர்வுக்கான மருந்து பலன் தர சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் சுகமானதும் தானாக நிறுத்தக்கூடாது. கோயிலுக்கும் போங்கள், நூலும் கட்டுங்கள், கிளினிக்கை விடாதீர்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வருகிறவரைத் தனியே விடவேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கிளினிக் துண்டோடு வருபவரை வேலையிலிருந்து விரட்டவோ, பெரட்டுக் களத்தில் கேலி செய்யவோ இடம் கொடுக்காதீர்கள். கை உடைந்தவருக்காக வாதாடுகிற சங்கம், மனம் உடைந்தவருக்காகவும் வாதாட வேண்டும். கொழும்பில் தனியாக இருக்கும் பிள்ளைகளே, சொல்லப் பயமாக இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். கிளினிக் வரை கூட வருகிறோம்.