மரம் மாறலாம், நிலம் யாருடையது?

அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் என் பெரியப்பா என்னைத் தனியே அழைத்தார். "ஏம்மா, டிவியில பேசுறியே, 5ஜி கம்பெனி பங்கு வாங்கலாமா?" என்று கேட்டார். சேமநிதியிலிருந்து எடுத்த பணம் கையில் இருந்தது. நான் படித்தது ஊடகத் துறை, பங்குச் சந்தை அல்ல. ஆகவே அவருக்கு ஒரு பழைய கதையைத்தான் சொன்னேன்.

வைமேக்ஸ், எல்.டி.இ. இரண்டுமே கம்பியில்லாமல் வேகமான இணையம் தரும் முறைகள். வைமேக்ஸ் கணினி உலகிலிருந்து வந்தது. இன்டெல் அதன் பெரிய ஆதரவாளர். எல்.டி.இ., ஜி.எஸ்.எம்., 3ஜி வழியில் வந்த கைத்தொலைபேசித் துறையின் பிள்ளை.

2007-இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை நான்கு நிறுவனங்களுக்கு வழங்கியது. மெக்சிஸ், செல்காம், டிஜி மூன்றும் அதில் இல்லை. பேக்கெட் ஒன் 2008-இல் வைமேக்ஸ் சேவையைத் தொடங்கியது. ஒய்.டி.எல். குழுமத்தின் 'யெஸ்' 2010-இல் வந்தது. எல்.டி.இ. சேவையோ, ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் முதன்முதலாகத் தொடங்கியதே 2009 டிசம்பரில்தான்.

முந்தி ஓடியது ஏன் தோற்றது? வேகம் குறைவு என்பதாலா? இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் தங்கள் பழைய பாதையிலேயே எல்.டி.இ.க்கு நடந்து போயின. கைத்தொலைபேசி தயாரிப்பாளர்களும் கூட்டம் உள்ள பக்கமே சாய்ந்தார்கள். வைமேக்ஸுக்கு ஏற்ற கைத்தொலைபேசிகள் மிகச் சிலவே கிடைத்தன.

பெரிய முதலீட்டாளர்களும் தப்பவில்லை. அமெரிக்காவில் கூகுள் 2008-இல் கிளியர்வயர் என்ற வைமேக்ஸ் நிறுவனத்தில் 50 கோடி டாலர் போட ஒப்புக்கொண்டது. 2012-இல் அந்தப் பங்குகளை விற்றபோது கிடைத்தது ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் டாலர்.

ஆனால் எல்லாமே அழிந்துவிடவில்லை. 2014-இல் டெலிகோம் மலேசியா பேக்கெட் ஒன்னைக் கைப்பற்ற முன்வந்தது. யெஸ் 2016-இல் எல்.டி.இ. சேவைக்கு வந்தது. 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் எல்.டி.இ.யும் ஓடும். நம் தோட்டங்களில் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்களே, அதுபோலத்தான். மரம் போனது, நிலம் போகவில்லை. ஆனால் மரத்தை மாற்றும் செலவு பங்குதாரர் தலையில் விழும். அதையும் மறக்கக் கூடாது.

5ஜியில் அப்படி இரு முறைகள் மோதவில்லை. உலகம் முழுவதும் ஒரே தரம்தான். இங்கே கேள்வி வேறு: நிலம் யார் கையில்? மலேசியாவில் 2021-இல் டிஜிட்டல் நேஷனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 5ஜி கட்டமைப்பு ஒப்படைக்கப்பட்டது. பிறகு கொள்கை மாறியது. 2024 நவம்பரில் இரண்டாவது கட்டமைப்புக்கு யூ மொபைல் தேர்வானது. தொழில்நுட்பம் மாறாமலே கணக்கு மாறியது.

அதனால் பெரியப்பாவிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அலைக்கற்றை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு? வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்களா? தவறினால் மாற்றிக்கொள்ள நிறுவனத்திடம் பணம் இருக்கிறதா?

நான்காவது கேள்வியை வாயால் கேட்டேன்: "இந்தப் பணம் போனால் நீங்களும் பெரியம்மாவும் எப்படிச் சமாளிப்பீர்கள்?" அவர் பதில் சொல்லவில்லை. பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.