கடல் கடந்து வந்த குடும்பங்களும் நம் மக்களும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மிஷனெரிமார் ஆற்றிய கல்விப் பணியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இப்பொருள்பற்றிப் பேசுவோர் இன்ன ஆண்டில் இன்ன பள்ளி, இன்ன ஆண்டில் இன்ன கல்லூரி என்று பட்டியல் படித்துவிட்டு அமர்வது வழக்கம். அப்பட்டியலை நம் இளைஞர்கள் மனப்பாடமாகவே ஒப்புவிப்பார்கள். ஆகவே நாம் இன்று பள்ளிக்கூடத்தின் வாயிலில் நில்லாமல் பங்களாவின் பின்கட்டுக்குச் செல்ல விரும்புகிறோம். கடல் கடந்து வந்த அக்குடும்பங்கள் அன்றாடம் எவ்வாறு வாழ்ந்தன, அவ்வாழ்வில் நம் மக்களுக்குக் கிடைத்த இடம் யாது என்பதே நம் பேச்சு. தென் திருவிதாங்கூரை, அஃதாவது இன்றைய குமரி மாவட்டத்தை, எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சென்ற ஆண்டு நம் சங்கத்து இளைஞர் சிலருடன் மயிலாடிக்குச் சென்றிருந்தோம். கல்லுளி ஓசை ஓயாத ஊர் அது. அங்குதான் மகாராசன் என்பவர் வாழ்ந்தார். சாம்பவர் குலத்தவர். மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரம் வரை நடந்தவர். திரும்பும் வழியில் தஞ்சையில் கிறித்துவ மறையைத் தழுவி, வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் வந்து சேர்ந்தார். தம் மக்களுக்கு ஒரு போதகரை அனுப்புமாறு வேண்டியவரும் அவரே. இதனை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெள்ளையர் தாமாக வந்து நம்மைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவோர் உளர். நம்மவர் ஒருவர் நடந்து சென்று அழைத்ததனால் அவர்கள் வந்தார்கள் என்பதே வரலாறு.

அழைப்பை ஏற்று வந்தவர் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர். 1804இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, 1806இல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. மணமாகாதவர், சிறு குடிசையில் வாழ்ந்தவர், சம்பளத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தவர். சென்னைக்குச் சென்றபோது, மேற்சட்டையின்றி, நாட்டுப்புறத்தில் முடைந்த ஓலைத் தொப்பியோடு வந்த அவரைக் கண்டு அங்கிருந்த ஐரோப்பியர் திகைத்தனராம். உடல் நலிவுற்று 1816இல் அவர் இவ்வூரை விட்டுச் சென்றார். பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியவர் பின்னர்த் திரும்பவேயில்லை. அடுத்தவர் வரும்வரை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் சபைகளைக் கட்டிக் காத்தவர் நம் வேதமாணிக்கமே.

அடுத்து வந்தவர்கள் குடும்பத்தோடு வந்தவர்கள். இங்குதான் நம் கதை தொடங்குகிறது.

லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் ஐயர் 1816இல் இந்தியா வந்தார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நான்கைந்து திங்கள் கடலில் கிடந்துதான் சென்னைத் துறையைக் காண இயலும். உடன் வந்த மனைவி 1817இல் பினாங்கில் உயிர் நீத்தார். மனைவியை அயல்மண்ணில் அடக்கம் செய்துவிட்டு நாகர்கோவிலை அடைந்தார் மீட். பின்னர்த் தஞ்சையில் பணியாற்றிய ஹார்ஸ்ட் ஐயரின் மகள் ஜொஹான்னாவை மணந்தார். 1819இல் சார்லஸ் மால்ட் ஐயரும் அவர் துணைவியார் மார்த்தாளும் வந்து சேர்ந்தனர். இவ்விரு வீடுகளையும் சுற்றியே தென் திருவிதாங்கூரின் பணி வளர்ந்தது.

மிஷன் சங்கத்தின் கணக்கேட்டில் ஐயருக்குச் சம்பளம் உண்டு, மிசியம்மாளுக்குக் கிடையாது. மனைவி என்பவள் கணவனோடு வந்த துணை; அவ்வளவே. ஆயினும் மிசியம்மாளின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வீட்டை நடத்த வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் தம் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். விடுதிப் பெண்களுக்கு எழுத்தும் தையலும் கற்பிக்க வேண்டும். ஐயர் ஊரூராய்ச் சுற்றி வரும் நாட்களில் பங்களா வாயிலில் வழக்கோடும் நோயோடும் வந்து நிற்பவர்களுக்கு விடை சொல்ல வேண்டும். தோளை மறைத்தல் குற்றம் என்றிருந்த நாட்டில் நம் பெண்டிர் அணிவதற்கேற்ற குப்பாயத்தை வெட்டித் தைத்துக் கொடுத்ததும் இவ்வம்மையார்களின் கைகளே. அந்தத் துணித்துண்டின் பொருட்டு எத்தனை கலகம் நிகழ்ந்தது என்பதும், 1859இல்தான் அரசு ஓரளவேனும் இறங்கி வந்தது என்பதும் நீங்கள் அறிந்தவை.

மார்த்தாள் மால்ட் அம்மையார் விடுதிப் பெண்களுக்குக் கற்பித்த கைத்தொழில்களுள் தலையாயது ரேந்தை என்று நம் பாட்டிமார் சொல்லும் லேசுப் பின்னல். மடியில் ஒரு திண்டு. திண்டின்மேல் ஓவியம் வரைந்த தாள். தாளில் நெருக்கமாகக் குத்திய ஊசிகள். நூல் சுற்றிய சிறு கட்டைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் பின்னிச் செல்ல வேண்டும். விரற்கடை அகலம் பின்னுவதற்குள் பொழுது சாயும். ஆனால் விலை போயிற்று. அடிமைகளாய்ப் பிறந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855இல்தான் வந்தது. ஆணை வருவதற்கு முன்பே, ஊசியும் நூலும் கொண்டு தம் கழுத்து நுகத்தைக் கழற்றிய பெண்கள் நம் சமுதாயத்தில் இருந்தார்கள் என்பதை நம் பெண்பிள்ளைகள் அறிய வேண்டும். மால்ட் அம்மையாரின் பெண்கள் பள்ளி வழிவந்ததே இன்றைய நாகர்கோவில் டதி பள்ளி.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1822இல் நாகர்கோவிலில் பிறந்தார். இவர் 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடி சென்றார். அங்கும் பெண்களுக்குப் பள்ளியும் ரேந்தையும் தொடர்ந்தன. கால்டுவெல் ஐயர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தினார். ஆனால் தெருத்தமிழில் தம்மினும் தம் மனைவியே தேர்ந்தவர் என்பதை அவர் அறிவார். எலைசா அத்தமிழை எந்த ஆசிரியரிடம் பாடம் கேட்டார்? இவ்வினாவைக் கேட்டுத்தான் நாம் பின்கட்டுக்குச் செல்ல விரும்புகிறோம்.

அக்காலத்தில் ஐரோப்பியர் வீடுகளில் சமையற்காரர், பட்லர், தோட்டி, ஆயா ஆகிய வேலைகளில் அமர்ந்தவர் பெரும்பாலும் நம் மக்களே. மாட்டிறைச்சி சமைக்கும் அடுக்களையில் உயர்சாதியார் கால் வைக்க மாட்டார் என்பது ஒரு காரணம். அயலார் எச்சிற்கலத்தைத் தொடத் துணியார் என்பது மற்றொன்று. ஆகவே துரைமார் பிள்ளைகள் நம் தாய்மார்களின் இடுப்பில் ஏறி வளர்ந்தன. நம் தாலாட்டைக் கேட்டு உறங்கின. ஆங்கிலச் சொல் வாயில் திருந்துமுன் தமிழ்ச் சொல் திருந்தியது. ஏழெட்டு வயதானதும் அப்பிள்ளைகளுள் பலரைச் சீமைக்குக் கப்பலேற்றி விடுவது வழக்கம். படிப்பு ஒன்று, இந்நாட்டு வெம்மைக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சுதல் மற்றொன்று. பெற்ற தாய் துறையில் நின்று அழுததைப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். வளர்த்த ஆயா அழுததை எழுதியவர் அரியர். எழுத்து நம் கையில் இல்லாத காலத்தில் நம் கண்ணீருக்கும் ஏட்டில் இடமில்லை.

இவ்வளவும் நன்றி கூறத்தக்கவையே. இனிச் சொல்லவிருப்பதைக் கேட்டு, நன்றி மறந்து பேசுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டா.

திருச்சபைக்குள் சாதி இருக்கலாமா என்ற வழக்கு அந்நூற்றாண்டு முழுவதும் நடந்தது. தஞ்சைப் பகுதி ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் இவ்வேற்றுமை ஒழிய வேண்டுமென்று ஆணையிட்டார், சபைகள் பிளந்தன. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிமார் மாநாடு இன்னும் கடுமையாகப் பேசிற்று. எச்சாதியார் சமைத்ததையும் உண்டு, சாதியை விட்டதைச் செயலால் மெய்ப்பித்தவர்க்கே சபையில் இடம் என்ற கருத்து அங்கு எழுந்தது. மிகச் சிறந்த கருத்து. நாம் இருகை கூப்பி ஏற்கிறோம். அடிமை ஒழிப்பு வேண்டி மன்னருக்கு 1847இல் விண்ணப்பம் எழுதியவர்களும் தென் திருவிதாங்கூர் மிஷனெரிமாரே.

இப்போது மீட் ஐயரின் வீட்டுக்குத் திரும்புவோம். ஜொஹான்னா அம்மையார் 1848இல் மறைந்தார். சில ஆண்டுகள் கழித்து, 1850களின் தொடக்கத்தில், மீட் ஐயர் மூன்றாம் முறையாக மணம் புரிந்துகொண்டார். மணமகள் லோயிஸ். நம் குலத்தவரான தேவவரம் என்பாரின் மகள். விடுதிப் பிள்ளைகளுக்குச் சீமையிலிருந்து பணம் அனுப்பும் கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கம் அன்று இருந்தது; லோயிஸ் அம்மையாரும் பிடல்ஃப் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரைத் தாங்கியவர். பெயர் ஆங்கிலம், பிறப்பு சேரி.

உடனிருந்த மிஷனெரிமார் இத்திருமணத்தை ஏற்கவில்லை. அடிமைகளின் விடுதலைக்காக மன்னருக்கு எழுதிய கூட்டம் அது. சாதி பாவம் என்று மேடைதோறும் முழங்கிய கூட்டம். நம்மவர் சமைத்ததை நாள்தோறும் உண்டவர்கள். தம் குழந்தையை நம் பெண்ணின் இடுப்பில் கொடுத்தவர்கள். அந்த இடுப்பு அயாவின் இடுப்பாக இருக்கும்வரை அவர்களுக்கு இடரில்லை. அதே குலத்துப் பெண் பங்களாவின் முன்கட்டில் மிசியம்மாளாக அமர்ந்தபோது பொறுக்க முடியவில்லை. மணமகனுக்கு அறுபது வயது, பெண்ணோ இளையவள் என்று கூறி மறுத்தவர்களும் இருந்திருப்பர். அம்மறுப்பை நாமும் எளிதில் தள்ளிவிட மாட்டோம்; நம் வீட்டுப் பெண்ணாயின் நாமும் கேட்டிருப்போம். ஆனால் இளம்பெண்ணை மணந்த முதிய ஐரோப்பியர் அந்நாளில் இவர் ஒருவரே அல்லர். மற்றவர்க்கு எழாத ஆரவாரம் இவருக்கு எழுந்ததேன் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மீட் ஐயர் தாம் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த சங்கத்தை விட்டு விலகினார். நாகர்கோவிலில் குருக்கள் பள்ளியை நிறுவியவர், அச்சகம் அமைத்தவர், தொடக்க நாட்களில் நீதிபதியாகவும் அமர்ந்து நம் மக்களின் வழக்கைக் கேட்டவர். நெய்யூரில் பணியைத் தொடங்கியவரும் அவரே. அவர் சீமைக்குத் திரும்பிச் செல்லவில்லை. லோயிஸ் அம்மையாருடன் திருவனந்தபுரம் சென்று, திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்கும் அச்சகத்துக்கும் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். 1873இல் அந்நகரிலேயே காலமானார். சபையார் ஒதுக்கிய தம்பதியருக்கு இந்து மன்னரின் அரசு இடம் கொடுத்தது என்பதை, எந்தப் பக்கமும் சாயாமல் இங்குப் பதிவு செய்கிறோம்.

மயிலாடியிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தில் இக்கதையைச் சொன்னபோது உடன் வந்த தம்பி ஒருவர், "அப்படியானால் அவர்கள் நமக்கு நல்லவர்களா, கெட்டவர்களா?" என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும் பிள்ளை. ஒரே சொல்லில் விடை எதிர்பார்க்கிறார். ரேந்தைத் திண்டைக் கொடுத்த கையும் லோயிசை விலக்கிய கையும் ஒரே வீட்டாருடையவை. மேசையில் உணவைப் பகிர்வது எளிது, மேசைக்குத் தலைவியாக ஏற்பது அரிது என்றோம். அத்தம்பி சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தம் அண்ணனுக்கு நம்மிலேயே வேறு பிரிவில் பெண் பார்த்தபோது வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லத் தொடங்கினார். ஆரல்வாய்மொழி வரும்வரை அப்பேச்சு ஓயவில்லை. அதனை இவ்விழா மேடையில் விரித்துரைக்க அவரிடம் நாம் ஒப்புதல் பெறவில்லை.

ஒரு வேண்டுகோள். இங்கு அமர்ந்துள்ள பெரியோர் பலரின் பாட்டனார்கள் மிஷன் பங்களாக்களில் சமையல் செய்தவர்கள். பாட்டிமார்கள் ஆயாவாக இருந்தவர்கள். சிலர் ரேந்தை பின்னியவர்கள். அப்பெயர்கள் எந்த மிஷன் அறிக்கையிலும் வாரா. நம் சங்க நூலகத்தில் அதற்கென ஒரு குறிப்பேடு திறந்து வைத்துள்ளோம். பெயர், ஊர், எந்த வீட்டில் என்ன வேலை, அவர்கள் சொன்ன கதை ஏதேனும் நினைவிருந்தால் அதுவும். எழுத இயலாதவர் வந்து சொன்னால் நூலகப் பொறுப்பாளர் எழுதிக்கொள்வார். பழைய பின்னல் துண்டு வைத்திருப்போர் கொண்டுவந்து காட்டினால் படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலும் வரலாம்.