சுவரில் தொங்கும் குழந்தைகள்



1940, 1950ஆம் வருஷங்களில் எடுத்த குழந்தைகளின் போட்டோப் படங்கள் இன்றும் அநேகர் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. அவற்றைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோமே ஒழிய, அவை என்ன சொல்லுகின்றன என்று என்றைக்காவது யோசித்தோமா?

முதலில் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்பிருக்காது. உடனே, "அக்காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு அடக்கம்!" என்று பெருமை பேசுகின்றோம். அடக்கமாவது, மண்ணாவது! வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் முற்றத்தில் நிறுத்தி, "ஆடாதே, அசையாதே" என்று அதட்டி எடுத்த படமல்லவா அது?

அம்மைத் தழும்பும் காணோம். ஊரெங்கும் வைசூரி இருந்த காலம் அது. 1977ல்தான் இந்நாட்டில் அது ஒழிந்ததென்று உறுதியாயிற்று. அப்படியிருக்கப் பல படங்களில் தழும்பைத் துடைத்தது யார்? எந்த ஆத்தாளின் கிருபையுமல்ல. நெகடிவின்மேல் பென்சிலால் தீட்டிய போட்டோக்காரரின் கைவேலை. ஆகவே, படம் பொய் சொல்லாது என்பதும் ஒரு மூடநம்பிக்கையேயாகும்.

இனி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பையன் நாற்காலியில் இருப்பான், கையில் புஸ்தகம். மூத்த பெண் பக்கத்தில் நிற்பாள், இடுப்பில் கைக்குழந்தை. அல்லது தாழம்பூ வைத்துத் தைத்த ஜடை தெரியவேண்டுமென்று அவள் முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்திருப்பார்கள். ஜடையைக் காட்டக் கண்ணாடி தேடியவர்களுக்கு, அவள் கையில் கொடுக்க ஒரு புஸ்தகம் அகப்படவில்லையா என்று கேட்கின்றோம்.

ஒரு படத்தைக் கொண்டு ஒரு குடும்பத்தின்மீது நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு இதே காட்சியென்றால் அது தற்செயலா? 1951ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்களில் 100க்கு 27 பேர். பெண்களில் 9 பேர். கணக்கும் படமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லவில்லையா?

படத்தில் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். அந்த வீட்டு மாட்டை மேய்த்த பண்ணையாள் பிள்ளையின் படம் எந்தச் சுவரில் தொங்குகின்றது?

தோழர்களே! அன்று நின்ற பெண்களில் சிலர் இன்று பாட்டிகளாய் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். எந்த வகுப்போடு படிப்பு நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று அவர்களையே கேளுங்கள். கேட்டதைப் பெயரோடும் வருஷத்தோடும் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். அவர்களும் மறைந்தபின் படத்துக்கு மாலை போடலாமே தவிர, பதில் வாங்க முடியாது.