வீட்டு முற்றத்தில் ஒரு பழைய மோட்டார்ச் சைக்கிள்



நெடும்பயணத்துக்கு உதவும் பழைய மோட்டார்ச் சைக்கிளை வீட்டிலேயே பேணுவதும் பழுது பார்ப்பதும் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விழைகின்றேன். கலைத்துறையிற் பட்டம் பெற்று, அரசினர் பாடசாலை ஒன்றில் அதிபராகக் கடமையாற்றும் ஒருவருக்கு எண்ணெயும் கரியும் படிந்த இந்த விடயத்தில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இயந்திரவியலை நான் கல்லூரியிற் கற்றவன் அல்லேன். என் வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியே எனக்கு அதனைக் கற்பித்தது. அதுவும், ஒருமுறை நடுவழியில் என்னைத் தலைகுனிய வைத்த பின்பே கற்பித்தது.

அந்த வண்டி ஹொண்டா சீ.டி. 200. 'ரோட்மாஸ்டர்' என்ற பெயராலும் நம் நாட்டவர் அதனை அறிவர். 194 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின். அருகருகே அமைந்த இரண்டு சிலிண்டர்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே காபுரேற்றர். செயினை முற்றாக மூடிய ஓர் உறை. விரைவிற் பெயர்பெற்ற வண்டி அன்று அது. ஆனால், கணவனும் மனைவியும் நடுவில் ஒரு பிள்ளையும் அமர்ந்து, ஒரு பொதியும் கட்டி, மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வதற்கு அதனைப் போன்ற பொறுமைசாலி வேறில்லை. நாற்பது ஆண்டுகளைக் கடந்த இத்தகைய வண்டிகள் நம் வீதிகளில் இன்னும் ஓடுகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளிலும் பழையதைப் பேணத் தெரிந்தவனே பயணம் செய்தான்.

இனி, எனக்கு நேர்ந்ததைச் சொல்கின்றேன்.

1992ஆம் ஆண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பொருளாதாரத் தடை நிலவிய காலம். பெற்றோல் மருந்துபோற் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் மண்ணெண்ணெயிலே வண்டி ஓட்டினோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகையால், ஒரு சிறிய போத்தலிற் பெற்றோலை வைத்து, மெல்லிய குழாய்வழியே சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவோம். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வண்டி புகை கக்கும், தட்டும், ஆனாலும் ஓடும்.

என் தந்தையாருக்குத் தொய்வு நோய் இருந்தது. வடமராட்சியிலிருந்து அவரை யாழ்ப்பாண நகரில் ஒரு வைத்தியரிடம் காட்டுவதற்காக விடியற்காலையிற் புறப்பட்டேன். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே வண்டி அவ்வப்போது இருமியது. ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. இளமைத் துணிவில் நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. வல்லை வெளியின் நடுவில் வண்டி இரண்டுமுறை விக்கி, நின்றுவிட்டது.

வல்லை வெளியை அறிந்தவர்களுக்கு அந்நிலையை விளக்கவேண்டியதில்லை. ஒதுங்குவதற்கு ஒரு மரம் இல்லை. உப்புக்காற்று ஓயாது வீசும். தந்தையார் வீதியோரத்திற் குந்தியிருந்து மூச்சு வாங்கினார். நான் உதைத்தேன், உதைத்தேன், வியர்வை வழிய உதைத்தேன். ஒவ்வோர் உதைக்கும் இடையே அவருடைய மூச்சின் ஒலி என் காதில் விழுந்தது. அந்த ஒலியை நான் இன்றும் மறக்கவில்லை.

சைக்கிளில் வந்த ஒரு முதியவர் இறங்கினார். கைப்பையில் ஒரு திருப்புளி வைத்திருந்தார். காபுரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, உள்ளங்கையிற் கவிழ்த்தார். தண்ணீரும் செந்துருவும் சேர்ந்து சேறுபோல் விழுந்தன. "தம்பி, இது எத்தனை நாளாய் இருமுது?" என்றார். "இரண்டு கிழமை" என்றேன். "அப்ப, இரண்டு கிழமையாய் உமக்கு அது சொல்லிக்கொண்டிருந்திருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சால்வை நுனியாற் கிண்ணத்தைத் துடைத்து, சிறு துளையை வாயால் ஊதி, மீண்டும் பூட்டினார். மூன்றாம் உதையில் வண்டி இயங்கியது.

நேயர்களே, இன்றைய என் பேச்சின் சாரம் அம்முதியவரின் ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றது. பழைய வண்டி சொல்லாமல் நிற்பது அரிது. ஒலியாலோ மணத்தாலோ நிறத்தாலோ அது முன்கூட்டியே சொல்லுகின்றது. கேட்பது நம் கடமை. வீட்டிற் செய்யும் பராமரிப்பு என்பது முதலிற் கேட்கும் பழக்கமேயன்றி, ஸ்பனர் பிடிக்கும் பழக்கம் அன்று.

முதலாவதாக, எரிபொருள் வழியைப் பாருங்கள். கடற்கரை மாவட்டங்களில் எண்ணெய்த் தாங்கியின் உட்புறம் துருப்பிடிக்கும். பாதி வெறுமையான தாங்கியிற் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஆகவே, வண்டியைச் சில கிழமைகள் நிறுத்துவதாயின் தாங்கியை நிரப்பி வையுங்கள். காபுரேற்றரின் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பல மாதங்கள் தேங்கிய பெற்றோல் பிசினாகி நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். ஜெற் எனப்படும் அத்துளைகளைக் கம்பியாற் குத்தவேண்டாம். பித்தளை மெல்லிய உலோகம். துளை ஒரு மயிரிழை அகன்றாலும் எரிபொருளின் அளவு பிழைத்துவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. 2022ஆம் ஆண்டில் மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கீடு தொடங்கியபோது, துப்புரவான காபுரேற்றரின் பெறுமதியைப் பலர் உணர்ந்தனர்.

இரண்டாவதாக, பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். இளங் கபில நிறமாயின் நலம். கரிய தூள் படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி, அல்லது காற்றுவடி அடைபட்டிருக்கின்றது. எண்ணெய் ஈரமாயின் எஞ்சின் ஒயில் உள்ளே கசிகின்றது. வெளுத்திருந்தால் எரிபொருள் குறைந்து எஞ்சின் மிகையாகச் சூடேறுகின்றது. சீ.டி. 200 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இரண்டு பிளக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒன்று கபிலமும் மற்றது கறுப்புமாயின், குற்றம் பொதுவான காபுரேற்றரில் இருப்பது அரிது. கறுத்த பிளக்குக்குரிய சிலிண்டரின் பக்கத்திலேயே முதலிற் தேடவேண்டும்.

மூன்றாவதாக, எஞ்சின் ஒயில். மண்ணெண்ணெய்க் காலத்தில் நாங்கள் கண்ட புதுமை ஒன்று உண்டு. அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறையாமற் கூடியிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலோடு கலந்ததே காரணம். நீர்த்துப்போன ஒயில் எஞ்சினைக் காவாது. இன்றும், பெற்றோல் மணக்கும் ஒயிலைக் கண்டால் உடனே மாற்றுங்கள். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். இன்னொன்று: இவ்வகை வண்டிகளிற் கிளச் தகடுகளும் அதே ஒயிலில் மூழ்கியே இயங்குகின்றன. வழுக்குதன்மை கூட்டப்பட்ட மோட்டார்க் கார் ஒயில்கள் கிளச்சை வழுக்கச் செய்துவிடலாம். கொள்கலனில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற தரக்குறி உள்ள ஒயிலையே வாங்குங்கள்.

நான்காவதாக, வால்வுகள். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். வால்வு இடைவெளி சற்றே கூடினால் மெல்லிய தட்டொலி கேட்கும். இடைவெளி இல்லாதுபோனால் ஒலியே இராது. ஆனால் வால்வு முற்றாக மூடாமல் மெல்ல மெல்லக் கருகும். மௌனம் எப்போதும் நலத்தின் அடையாளம் அன்று என்பதைப் பாடசாலையிலும் நான் கண்டிருக்கின்றேன். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கையில், கைந்நூலிற் கூறிய அளவை மெல்லிய தகட்டு அளவுகருவியால் அளந்து பாருங்கள்.

ஐந்தாவதாக, வண்டியின் ஓட்டத்தோடும் நிறுத்தத்தோடும் தொடர்புடைய பாகங்கள். உறைக்குள் மறைந்த செயின் மழைக்கும் மணலுக்கும் தப்பும். ஆனால் உரியவரின் கண்ணுக்கும் தப்பிவிடும். மூடியைத் திறந்து, சில்லைச் சுழற்றி, நான்கைந்து இடங்களில் அதன் தொய்வைப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் உருவானது என்பது பொருள். பூ தேயாத ரயரும் வயதால் வெடிக்கும். பிறேக்கைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூளை ஊதவே வேண்டாம். பழைய பிறேக் கட்டைகளிற் கல்நார் கலந்திருக்கலாம். அத்தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியாற் துடைத்து, அத்துணியைக் கட்டி அகற்றிவிடுங்கள். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடவும் வேண்டாம். மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு உயிர் குடிக்கும்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் திருகுகளுக்கு ஜப்பானியத் தரத்தில் அமைந்த திருப்புளியே பொருந்தும். சாதாரணத் திருப்புளி நழுவித் திருகின் தலையைத் தின்றுவிடும். இந்தச் சிறு வேறுபாட்டை அறியாமல், 'துருவேறிய திருகு' என்று பழியை வண்டியின்மேற் போட்டோர் பலர். கழற்றுமுன் ஒவ்வோர் இணைப்பையும் கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றியவற்றைக் கழற்றிய ஒழுங்கிலே ஒரு துணியில் வரிசையாக வையுங்கள்.

அனைத்தையும் நாமே செய்யவேண்டும் என்று நான் கூறவில்லை. எஞ்சினை இரண்டாகப் பிளப்பது, சிலிண்டரைத் துளைத்துப் பெருப்பிப்பது, வளைந்த சட்டத்தை நிமிர்த்துவது ஆகியன தேர்ந்த கைவினைஞரின் பணிகள். ஆனால், கராஜுக்குச் செல்லும்போது "வண்டி சரியில்லை" என்று மாத்திரம் சொல்பவரைவிட, "சூடேறிய பின், மூன்றாம் கியரில், ஏற்றத்தில் மட்டும் இருமுகின்றது" என்று சொல்லக்கூடியவருக்குப் பணமும் பொழுதும் மிச்சமாகும்.

அவ்வாறு சொல்வதற்கு ஒரு குறிப்புப் புத்தகம் வேண்டும். வல்லை வெளியிலிருந்து தாமதமாகச் சென்று, வைத்தியரைக் கண்டு திரும்பிய அன்று மாலை, தந்தையார் என்னை ஏசவில்லை. ஒரு கொப்பியை எடுத்து நீட்டி, "இதில எழுது, தம்பி" என்றார். 'காபுரேற்றரில் தண்ணீர், இரண்டு கிழமை கவனிக்கவில்லை' என்பது அதில் நான் எழுதிய முதல் வரி. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலும் அந்தக் கொப்பி எங்களோடு வந்தது, வண்டியும் வந்தது. தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. இப்போது நான்காவது கொப்பி எழுதப்படுகின்றது.

சென்ற ஆண்டு, என் மகளும் நானும் அதே வண்டியிற் கண்டிக்குச் செல்ல ஆயத்தமானோம். ஏ9 வீதி, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை 321 கிலோமீற்றர் நீளமானது. முதல்நாள் மாலையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்ற மனநிறைவோடு கைகழுவச் சென்றேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த மகள், "அப்பா, பின் சில்லில ஒரு சத்தம் கேட்குது" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. வயதின் காரணமாக என் செவி நுண்ணொலிகளை விடத் தொடங்கியிருந்ததை அப்பொழுதுதான் அறிந்தேன். கழற்றிப் பார்த்தபோது பிறேக் கட்டை இரும்புவரை தேய்ந்திருந்தது. மாத்தளைக்கு அப்பால் மலைவீதியில் அதனோடு இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பயணத்தை ஒருநாள் பிற்போட்டு, புதிய கட்டைகளை இருவருமாகப் பூட்டினோம்.

அன்றைய குறிப்பை நான் எழுதவில்லை. கொப்பியை அவளிடம் நீட்டினேன்.