இருவர் சுற்றும் ஒரு மையம்
(திருக்குடும்ப விழா - வானொலி மறையுரை)



திருக்குடும்ப விழாவைக் கொண்டாடும் இன்று, லூக்கா நற்செய்தி நம்மை எருசலேம் ஆலயத்துக்கு அழைத்துச் செல்கிறது. பன்னிரண்டு வயது இயேசு காணாமற்போகிறார். பெற்றோர் மூன்று நாள்களாகத் தேடுகிறார்கள். மகனைக் கண்டதும் அன்னை மரியா தம் வேதனையை மட்டும் சொல்லவில்லை. யோசேப்பின் வேதனையையும் சேர்த்தே, அதுவும் அவரை முன்னால் வைத்தே சொல்கிறார். "நீங்கள்தானே கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று ஒருவர்மீது ஒருவர் பழிபோட்டதாக நற்செய்தியில் ஒரு சொல்கூட இல்லை.

இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள நம் கடற்கரையில் பார்க்கப்பட்ட ஒரு விண்மீன் உதவும்.

1689 டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, விடியுமுன் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சயாம் நாட்டில் பணிசெய்ய வந்தவர். 1688இல் அங்கு ஏற்பட்ட ஆட்சிக் கலகம் அவரைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. வால்மீனைத் தேடிய அவர் கண்ணில் தெற்கு வானின் ஒளிமிக்க ஆல்பா சென்டாரி பட்டது. அது ஒரு விண்மீன் அல்ல, இரண்டு என்று அவர் கண்டார்.

இந்த மார்கழியில், விடியற்காலை ஐந்து மணியளவில் கடலோரத்தில் நின்று தெற்கே சற்றுக் கிழக்காகப் பாருங்கள். தென்சிலுவை விண்மீன்களுக்குக் கீழே, தொடுவானத்தை ஒட்டி அது தெரியும். வெறுங்கண்ணுக்கு ஒரே சுடர்தான். நம் சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பம் அது. அதன் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்குமேல் ஆகிறது.

அந்த இரண்டில் ஒன்று நம் சூரியனைவிடச் சற்றுப் பெரியது, மற்றது சற்றுச் சிறியது. எது எதைச் சுற்றுகிறது? இரண்டுமே, தங்களுக்கு இடையில் உள்ள ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. அந்த இடத்தில் எந்த விண்மீனும் இல்லை. எடை கூடியது என்பதால் பெரியது அசையாமல் நின்று, சிறியதை மட்டும் சுற்ற விடுவதில்லை. அதுவும் சுற்றுகிறது.

நம் வீடுகளில் பல சண்டைகளுக்குக் காரணம், யார் நடுவில் நிற்பது என்பதுதான். சம்பாதிக்கிறவர் நானே என்கிறார். வீட்டைத் தாங்குகிறவர் நானே என்கிறார். நாசரேத்து வீட்டில் மரியாவும் யோசேப்பும் தங்களை நடுவில் வைக்கவில்லை. இறைத்திருவுளமே அங்கு மையம். இயேசு ஆலயத்தில் சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். புரியாமலும் சேர்ந்தே வீடு திரும்பினார்கள்.

இன்னொன்று. அந்த இரு விண்மீன்களும் எப்போதும் ஒரே நெருக்கத்தில் இருப்பதில்லை. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 80 ஆண்டுகள், ஒரு மனித ஆயுள் அளவு. மிக நெருங்கும்போது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 11 மடங்கு இடைவெளி. மிக விலகும்போது 35 மடங்குக்கும் மேல். 1955இல் நெருங்கியிருந்தவை 1995இல் மிகத் தொலைவில் இருந்தன. அன்று அளந்தவர், இவை பிரிந்துபோகின்றன என்று சொல்லவில்லை, பாதை தெரிந்திருந்தது. இப்போது அவை மீண்டும் நெருங்கி வருகின்றன. 2035இல் மிக அருகில் இருக்கும்.

திருமணமான இருபதாம் ஆண்டில், ஒரே கூரையின்கீழ் பேச்சு குறைந்துபோன தம்பதியர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளின் படிப்பு, கடன், வளைகுடா வேலை என்று விலகிப்போயிருக்கலாம். விலகிய காலமும் உங்கள் பாதையின் ஒரு பகுதியே. இன்னும் ஒரே மையத்தைச் சுற்றுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

இதைச் சொல்லி, அடியையும் குடியையும் பொறுத்துக்கொள் என்று எந்தப் பெண்ணையும் யாரும் திருப்பி அனுப்ப வேண்டாம். அடிக்கிற கை தன்னையே மையமாக்கிக்கொண்ட கை. அந்த வீட்டில் முதலில் வேண்டியது பாதுகாப்பு. உங்கள் பங்குத்தந்தையிடமோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ தயங்காமல் பேசுங்கள்.

மற்ற வீடுகளுக்கு ஒரு சிறு வேலை. இன்றிரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கணவனும் மனைவியும் ஒரு பத்துமணி செபமாலையைச் சேர்ந்து சொல்லுங்கள். பிறகு ஒருவர் மற்றவரிடம், "இந்த ஆண்டு உனக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டு, குறுக்கிடாமல் பதிலைக் கேளுங்கள்.

விண்மீன்களை எண்ணிப் பெயர்சொல்லி அழைக்கும் ஆண்டவர் நம் குடும்பங்களையும் பெயர்சொல்லி அறிவார். அவரே நம் வீடுகளின் மையமாக இருப்பாராக. ஆமென்.